புது வண்டியும் நேர்ப்பாதையும்

கல்கத்தா நகரின் தென்மேற்கே டைமண்ட் ஹார்பர் சாலையின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் பெஹாலாவில், பகலெல்லாம் வெவ்வேறு உத்தியோகங்களைப் பார்த்துவிட்டு, இரவில் ஒரு தகரக் கொட்டகையில் ஒன்றுகூடி, பழைய கார் ஒன்றைப் பிரித்து, எஞ்சினை மாற்றி, அச்சை வலுப்படுத்தி, மல்லிக் பஜாரின் உதிரிபாகக் கடைகளில் அலைந்து வேண்டிய சாமான்களைப் பொறுக்கி வந்து, மாதக்கணக்கில் கைக்காசையும் உறக்கத்தையும் செலவிட்டு ஒரு பந்தய வண்டியை உருவாக்கி நிறுத்தும் நான்கைந்து இளைஞர்களை நாம் மனக்கண்முன் கொண்டுவந்தால், அவ்வண்டி முதன்முதலாக உயிர்பெற்று உறுமுகிற வேளையில் அவர்களுடைய ஆனந்தத்தோடு கூடவே ஒரு கவலையும் எழுவதைக் காணலாம். இதை எங்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்பது என்பதே அக்கவலை. கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆயினும் இப்பந்தயத்தின் சரித்திரம், யந்திர சாஸ்திரம், தேசத்தின் சட்டம், தெருவில் நடக்கும் மனிதரின் உயிர் ஆகிய யாவும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. அவற்றை எடுத்து ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வர முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டிராக் ரேஸ் என்று ஆங்கிலப் பெயராலேயே நம் இளைஞர்கள் வழங்கும் இப்பந்தயத்தின் இலக்கணம் மிக எளியது. இரண்டு வண்டிகள் அருகருகே நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, வளைவு ஏதுமற்ற நேர்ப்பாதையில் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓடி எல்லையைக் கடக்க வேண்டும். இடம் போதாத தளங்களில் அரைக்கால் மைலோடு, அதாவது 201 மீட்டரோடு, நிறுத்திக்கொள்வதும் உண்டு. முற்காலத்தில் ஒருவர் கொடியசைத்துப் புறப்பாட்டை அறிவித்தார். 1963 முதல் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று பெயர்பெற்ற விளக்குக் கம்பம் அவருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. முன்சக்கரம் தொடக்கக் கோட்டிலுள்ள ஒளிக்கதிரை விட்டு நகர்ந்த கணத்திலிருந்தே ஓட்ட நேரம் கணக்கிடப்படுகிறது. ஆதலால் பச்சை விளக்கைக் கண்டும் சாரதி அரை விநாடி அயர்ந்திருந்தால் அவன் பந்தயத்தில் தோற்கலாமேயொழிய, அவனுடைய வண்டியின் ஓட்ட நேரம் மாறுவதில்லை. பரீட்சை செய்கிறவர்களுக்கு இந்நுட்பம் மிகவும் அனுகூலமானது. சாரதியின் சுறுசுறுப்பையும் வண்டியின் வலிமையையும் தனித்தனியே பிரித்து அளக்க இது இடம் கொடுக்கிறது. எதிரே போட்டியாளன் ஒருவன் இல்லாமலே தனி வண்டியைச் சோதிக்கவும் இது போதும்.

இப்பந்தயம் பிறந்த கதையைப் படிக்கிறவர்களுக்கு, விமான ஓடுதளம் என்னும் சொல் பக்கத்துக்குப் பக்கம் எதிர்ப்படும். கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் பரீட்சை செய்துவந்த இளைஞர்கள், இரண்டாம் உலக யுத்தம் முடிந்து வீடு திரும்பியபின், நகரத் தெருக்களிலேயே ஒருவரோடொருவர் போட்டியிடத் தொடங்கிப் பெரும் பீதியை விளைவித்தனர். அந்நிலைக்குப் பரிகாரமாக 1950-ல் சாந்தா அனா என்னும் ஊரின் விமானத் தளத்தில் ஒழுங்கான கால் மைல் பந்தயங்கள் தொடங்கின. 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர், தாம் ஆசிரியராக இருந்த பத்திரிகையின் செல்வாக்கைத் துணைக்கொண்டு, தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஸ்தாபித்தார். அச்சங்கம் 1954-ல் நான்கு பேரை ஒரு காரிலும், நேரம் அளக்கும் கருவிகளை அதன் பின்னால் கட்டிய டிரெய்லரிலும் ஏற்றி ஊர் ஊராக அனுப்பி, பந்தயத்தை அபாயமின்றி நடத்தும் முறையைக் கற்றுக்கொடுத்தது. அந்நால்வரில் ஒருவர் போலீஸ் உத்தியோகம் பார்த்தவர் என்பதை நம் நாட்டு அதிகாரிகள் கவனிக்க வேண்டுகிறேன். தெருவில் ஓடியவர்களை அடித்து விரட்டுவதோடு நில்லாமல், அவர்கள் ஓடுவதற்கு வேறிடம் காட்டிய போலீஸ்காரர் அவர்.

1955-ல் அச்சங்கத்தின் முதலாவது தேசியப் போட்டி கான்ஸாஸ் மாகாணத்தில் கிரேட் பெண்ட் என்னும் ஊரில் நடந்தது. அவ்வூரின் ஓடுதளம் பி-29 என்னும் ராட்சஸ குண்டு விமானங்களின் பயிற்சிக்காக யுத்தகாலத்தில் போடப்பட்டது. அங்கே பயின்ற 444-ஆம் குண்டு விமானப் படை 1944-ஆம் வருஷத்தில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடினால், நம் வங்காளத்துப் பக்கமே வந்து நிற்போம்: முதலில் புருலியாவை அடுத்த சர்ரா, பிறகு அந்நாளைய மேதினிபூர் ஜில்லாவைச் சேர்ந்த தூத்குண்டி. ஆகவே, அமெரிக்காவின் முதல் தேசிய நேர்ப்பாதைப் பந்தயம் நடந்த சிமெண்டுத் தளமும், சர்ராவின் செம்மண் பூமியில் நெடுங்காலம் உபயோகமின்றிக் கிடந்த ஓடுதளமும் ஒரே படையின் சக்கரங்கள் பட்டவை. ஒன்றில் ஒரு விளையாட்டு வளர்ந்தது. மற்றொன்றில் புல் வளர்ந்தது. கல்கத்தாவிலேயே, இன்று குடியரசு தின அணிவகுப்பு நடக்கும் ரெட் ரோடு, யுத்தகாலத்தில் போர் விமானங்கள் ஏறி இறங்கும் பாதையாக இருந்தது என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

இங்கிலாந்தின் சாண்டா பாட் தளம் 1966-ல் திறக்கப்பட்டபோது, அதுவும் பாடிங்டன் என்னும் பழைய குண்டு விமான நிலையத்தின்மேலேயே அமைந்தது. இலங்கையில் களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தவின் பழைய விமானத் தளம் மோட்டார் பந்தயத்துக்கு இடம் கொடுத்தது. நம் தமிழ்நாட்டிலோ, சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தின் யுத்தகால ஓடுதளத்தை, 1953-ல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் எடுத்துப் பண்படுத்தி, பல்லாயிரம் ஜனங்கள் திரளும் பந்தயங்களை வருஷாவருஷம் நடத்திவந்தனர். பம்பாயில் ஜூஹு, வங்காளத்தில் பாரக்பூர் என்று மற்ற நகரங்களும் அந்நாளில் விமானத் தளங்களையே நம்பியிருந்தன. சென்னைக் கிளப்பார் இரவல் ஓடுதளத்தோடு திருப்தியடையாமல், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலம் வாங்கி, 1990-ல் சொந்தப் பந்தயத் தளத்தைக் கண்டனர். கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் மாருதி காரின் எஞ்சினைக் கொண்டே ஒற்றை ஆசன பந்தய வண்டிகளை உருவாக்கி, எளிய செலவில் இளைஞர்கள் பந்தயம் பழக வழிசெய்தார். 1995-ல் அவர் அகால மரணம் அடைந்தபின், செட்டிபாளையத்தில் எழுந்த தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வங்காளத்திலோ உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 2014 வரையில் அம்பாஸடர் கார்களைச் செய்துகொண்டிருந்தும், கார்களைக் கண்ணால் பார்த்தே நோயறியும் மிஸ்திரிகள் தெருவுக்குத் தெரு இருந்தும், பாரக்பூரின் நாட்களுக்குப் பிறகு இருங்காட்டுக்கோட்டையைப் போன்ற ஒரு நிரந்தரத் தளம் உருவாகவில்லை. கைத்திறனுக்குக் குறைவில்லாத ஒரு ஜனசமூகத்துக்கு நேர்ந்த பெருங்குறை என்றே இதை நான் கருதுகிறேன்.

இனி, பரீட்சை என்பது யாது என்று பார்ப்போம். வண்டியைக் கட்டி முடிப்பதோடு அதன் நிர்மாணம் பூர்த்தியாகிவிட்டது என்று எண்ணுவது அனுபவமற்றவர்களிடம் சர்வசாதாரணமாகக் காணப்படும் பிழை. கொட்டகையில் நிற்பது உதிரிபாகங்களின் கூட்டம். அவை ஒன்றோடொன்று இணங்கி வேலை செய்கின்றனவா என்பது ஓட்டத்திலேதான் தெரியும். ஆனால் ஓட்டத்துக்கு முன்பே கொட்டகையில் முடிக்க வேண்டிய காரியங்கள் அநேகம் உண்டு. புதிதாகக் கட்டிய எஞ்சினை எரியவிடுமுன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் சுழற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறுவதைக் கண்ட பிறகே பற்றவைக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்திவிட்டுக் காலை எடுத்தால் அது தானே முழுதும் திரும்புகிறதா என்று ஒரு முறைக்குப் பத்து முறை பார்க்க வேண்டும். அது சிக்கிக்கொண்டு எஞ்சின் முழு வேகத்தில் நிற்பதைவிடக் கொடிய ஆபத்து இவ்விளையாட்டில் சிலவே. மின்சாரத்தை ஒரே தட்டில் துண்டிக்கும் ஸ்விட்ச், சாரதியைச் சுற்றிய இரும்புக் கூண்டு, தோளையும் இடையையும் பிணைக்கும் பெல்ட், தீயணைப்புக் கருவி, கிளட்ச் வெடித்துச் சிதறினால் துண்டுகளைத் தடுக்கும் கவசம் ஆகியவை இல்லாமல் வண்டியைக் கோட்டுக்குக் கொண்டுவருபவர்கள், எத்துணை நல்லவர்களாயினும், பரீட்சை நடத்தத் தகுதி பெற்றவர்கள் அல்லர்.

தளத்துக்கு வந்தபிறகு முதல் ஓட்டம் நடை வேகத்தில் இருத்தல் வேண்டும். பிரேக் நேராகப் பிடிக்கிறதா, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, எங்கேனும் எண்ணெய் கசிகிறதா என்பவற்றை அறிவதே அதன் பிரயோஜனம். அடுத்து, டயரை நீரில் நனைத்துச் சுழற்றிச் சூடேற்றிக்கொண்டு, புறப்பாட்டை மாத்திரம் சோதிக்க வேண்டும்: கோட்டிலிருந்து பாய்ந்து, 60 அடி, அதாவது சுமார் 18 மீட்டர் சென்றதும் கிளட்சை மிதித்து விட்டுவிட வேண்டும். இப்பந்தயத்தில் தேர்ந்தவர்கள் அந்த முதல் 60 அடியையே மந்திர எல்லையாக மதிக்கிறார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு விநாடி குறைந்தால் முடிவில் அதைவிடச் சற்று அதிகமாகவே குறையும் என்பது அவர்களுடைய அனுபவம். புறப்பாடு மூன்று நான்கு முறை ஒரே விதமாக அமைந்த பின்னரே அரைக்கால் மைலுக்கும், அதுவும் ஒழுங்காக முடிந்தால் வேறொரு நாளில் கால் மைலுக்கும் போகலாம். ஒரு சமயத்தில் ஒரே மாறுதல் என்பது இதன் பிரதான விதி. டயரின் காற்றையும் எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டு, நேரம் குறைந்தது எதனால் என்று விடியவிடிய விவாதிப்பதில் பயனில்லை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பதும், தளத்தில் விழுந்த டயர்க் கோடுகளின் பாதையைத் தொடர்ந்து நடந்து பார்ப்பதும், அனைத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிவைப்பதும் அவசியம். கைக்கடிகாரத்தை நம்புவது தகாது. மனிதன் விரலை அழுத்தும் தாமதமே இங்கே தேடுகிற வித்தியாசத்தை விழுங்கிவிடும். ஒளிக்கதிர்க் கருவியோ, குறைந்தபட்சம் நல்ல ஜி.பி.எஸ். கருவியோ வேண்டும்.

யந்திர சாஸ்திரம் இவ்விளைஞர்களுக்குச் சில கசப்பான உண்மைகளையும் வைத்திருக்கிறது. கால் மைல் ஓட்ட நேரம், எடையைக் குதிரைச் சக்தியால் வகுத்துவரும் தொகையின் கனமூலத்தை ஒட்டியே ஏறி இறங்குகிறது என்பது நெடுநாளாக வழங்கும் கணக்கு. இக்கணக்கின்படி எஞ்சினின் சக்தியை இருமடங்காக்கினாலும் நேரம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். உத்தரபாராவிலேயே பிறந்த கண்டெஸா காரை எடுத்துக்கொள்வோம். சாரதியோடு 1,280 கிலோ எடையும் 85 குதிரைச் சக்தியும் இருக்குமானால் அது கால் மைலை ஏறத்தாழ 18.7 விநாடியில் ஓடவேண்டும். வேறு எஞ்சின் பொருத்திச் சக்தியை 200 ஆக உயர்த்தினால் 14 விநாடிக்குச் சமீபமாக வரும். அதற்கு மேலே ஒவ்வொரு விநாடியும் பன்மடங்கு விலை கேட்கும். அக்காரில் பின்சக்கரங்கள் இழுப்பது ஒரு பெரும் பாக்கியம். நம் நாட்டு இளைஞர்களின் கைக்கு எளிதில் அகப்படும் மாருதி, ஹோண்டா கார்களில் பெரும்பாலானவற்றில் முன்சக்கரமே இழுக்கிறது; வண்டி பாயும்போதோ பாரம் பின்னுக்குச் சாய்கிறது. ஆயிரம் கிலோ வண்டி ஒன்று, புவியீர்ப்பில் பாதியளவான வேகவளர்ச்சியோடு புறப்படுகையில், அதன் பாரமையம் அரை மீட்டர் உயரத்திலும் அச்சுகளின் இடைவெளி 2.4 மீட்டராகவும் இருந்தால், 104 கிலோ பாரம் முன்சக்கரத்தை விட்டுப் பின்னே போய்விடுகிறது. இழுக்க வேண்டிய சக்கரம் இழுக்க வேண்டிய கணத்திலேயே இலேசாகிப்போய் வீணே சுழலும். சக்தியைக் கூட்டக் கூட்ட இக்குறை வளருமேயன்றித் தணியாது. பட்டறையில் டைனமோமீட்டர் காட்டிய எண்ணைக் கண்டு மகிழ்ந்தவர்கள் தளத்தில் முகம் வாடி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெஹாலா கடல் மட்டத்துக்கு அதிக உயரமில்லாத பூமி, அது நன்மை. ஆனால் ஆடி மாதத்துப் புழுக்கத்தில், 33 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு 75 பங்கு ஈரப்பதமும் உள்ள காற்றில், வெப்பத்தால் காற்று விரிவதாலும் நீராவி இடத்தை அடைத்துக்கொள்வதாலும், தை மாதத்து விடியற்காலையின் 15 டிகிரிக் காற்றோடு ஒப்பிடுகையில் எரிவதற்கு உதவும் காற்று ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. இதை அறியாமல் மழைக்காலத்தில் கிடைத்த நேரத்தையும் குளிர்காலத்தில் கிடைத்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தாம் செய்த மாறுதலே பலித்தது என்று முடிவுகட்டுவது தவறாகும்.

பரீட்சையின் அருமையை உணர்த்தப் பந்தயச் சாரதி டான் கார்லிட்ஸ் என்பவரின் அனுபவத்தைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1970 மார்ச் 8-ஆம் தேதி, லாங் பீச் நகரின் லயன்ஸ் தளத்தில், எஞ்சினுக்குப் பின்னால் அமர்ந்து ஓட்டும் அக்காலத்து முறைப்படி அவர் புறப்பட்ட கணத்தில், கியர்ப் பெட்டி வெடித்து, வண்டி இரண்டாகப் பிளந்து, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி அற்றுப்போயிற்று. ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே அவர் எஞ்சினைச் சாரதியின் பின்னால் வைக்கும் வண்டியைப் பற்றிச் சிந்தித்தார். அத்தகைய வண்டிகள் அதற்கு முன்பும் முயலப்பட்டு, நேராக ஓடாமல் சரிந்து பயமுறுத்தியமையால் கைவிடப்பட்டவை. கார்லிட்ஸும் அவருடைய தோழர்களும் பொறுமையாக ஓட்டிப் பார்த்து, ஸ்டீயரிங்கின் விகிதத்தை மாற்றி, கைத் திருப்பத்துக்குச் சக்கரம் மெதுவாகத் திரும்பும்படி செய்ததும் வண்டி நேராயிற்று. 1971-ன் தொடக்கத்தில் பொமோனாவில் அவ்வண்டி வெற்றி பெற்றது. சில வருஷங்களுக்குள் அவ்வகைப் பந்தய வண்டிகள் யாவும் அம்முறைக்கே மாறின. எத்தனையோ சாரதிகளின் உயிரைக் காத்தது அந்தச் சிறிய விகித மாறுதல். அது கண்டறியப்பட்டது ஆளரவமற்ற தளத்தில், மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்ததினால்.

நிற்கும் தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008-ல் ஸ்காட் கலிட்டா என்ற சாரதி எல்லையைத் தாண்டியபின் நிறுத்த இயலாமல் உயிரிழந்ததன் விளைவாக, மிக வேகமான வகுப்புகளுக்குக் கால் மைலை ஆயிரம் அடியாகவே சுருக்கினார்கள். நம் இளைஞரின் 14 விநாடி வண்டி கால் மைல் முடிவில் மணிக்கு 158 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். பிரேக்கை மிதமாகப் பிடித்தால் நிற்க 200 மீட்டர் வேண்டும். பிரேக் தளர்ந்தால் என்னாகும் என்பதற்காக அதை இரட்டித்தால், மொத்தம் 800 மீட்டர் நேர்ப்பாதை வேண்டும். அரைக்கால் மைலாயின் 450 மீட்டரிலேயே காரியம் முடிந்துவிடும். புதிய அணியினர் முதல் வருஷம் முழுதும் அரைக்கால் மைலோடு நிற்பதே விவேகம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இத்தனை நேரிய பாதை நகரத்தில் எங்கே இருக்கிறது? நள்ளிரவில் காலியாகக் கிடக்கும் பெருஞ்சாலையே பலருடைய கண்ணில் படுகிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு, அரசாங்கத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயமோ வேகப் பரீட்சையோ நடத்துவதைக் குற்றமாக்கி, 2019-ன் திருத்தத்துக்குப் பிறகு மூன்று மாதம் வரை சிறைவாசமோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. மறுமுறை செய்தால் தண்டனை இன்னும் கடுமை. 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் வகுத்ததற்கு மாறாகத் திருத்தப்பட்ட வண்டி சாலையில் செல்வதே முறையன்று. ஆகவே அது டிரெய்லரில்தான் போக வேண்டும். ஆனால் சட்டத்தைவிட வலிய காரணம் ஒன்று பெஹாலாவிலேயே இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 4-ஆம் தேதி காலையில், பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு சிறுவன் பெஹாலா சௌரஸ்தாவுக்கு அருகே லாரி மோதி மாண்டான். பந்தயத்துக்கும் அந்த லாரிக்கும் சம்பந்தமில்லை. எனினும், அந்தச் சாலை எப்படிப்பட்ட சாலை, அதில் யார் நடக்கிறார்கள் என்பதை அந்த ஒரு காலைப்பொழுது நமக்குக் காட்டிவிட்டது. அச்சாலையில் எந்த நேரத்திலும் ஒரு வேகப் பரீட்சையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தெரு கூடாது என்று சொல்லிவிட்டு வேறிடம் காட்டாமற் போவது நியாயமாகாது. மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவை அடுத்த ஆம்பி வேலியின் விமான ஓடுதளத்தில் 'வேலி ரன்' என்னும் பெயரால் நேர்ப்பாதைப் பந்தயங்கள் ஒழுங்காக நடந்திருக்கின்றன. அங்கே முடிந்தது வங்காளத்தில் முடியாதென்பதற்கு நியாயமில்லை. பெஹாலாவின் பர்ணஸ்ரீப் பகுதியிலேயே, விமானம் ஓட்டப் பயில்கிறவர்களுக்காக நெடுங்காலம் அறியப்பட்ட சிறு விமானத் தளம் ஒன்று இருக்கிறது. அங்கே பறப்போருக்குத்தான் முதல் உரிமை; அவர்களுக்கு வேலையில்லாத சில காலைப்பொழுதுகளை மட்டுமே நாம் கேட்கலாம், அதுவும் மறுக்கப்படலாம். மறுக்கப்பட்டால் மேற்கு வங்காளத்தின் யுத்தகால ஓடுதளங்கள் இருக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1971 முதல் இயங்கும் இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் சம்மேளனம் விதிமுறைகளையும் பரிசோதகர்களையும் அளிக்கும் ஸ்தானத்தில் இருக்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, வேலி, இன்ஷூரன்ஸ் ஆகிய நான்கின் செலவை அணிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

பெஹாலாவின் இளைஞர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இது: உங்கள் வண்டியைக் கொட்டகையிலேயே நிறுத்திவையுங்கள். மார்கழி, தை மாதங்களில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை, அரைக்கால் மைல் தூரத்துக்கு மட்டும், என்று தெளிவாக ஒரு விண்ணப்பம் எழுதி, மற்ற அணிகளின் கையெழுத்தையும் சேர்த்து, விமானத் தளத்தின் அதிகாரிகளுக்கும் மாநில அரசாங்கத்துக்கும் சம்மேளனத்துக்கும் அனுப்புங்கள். குளிர்காலத்துக்குள் பதில் வரவேண்டுமாயின், அவ்விண்ணப்பம் இந்த மழைக்காலத்திலேயே போய்ச் சேர வேண்டும்.